பழைய பாசாரின் பதினோராவது விளக்கு

நகராண்மைக் கழகத்தில் மூன்றாவது கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஷாந்தினிக்கு முதுகு கடுத்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டுக்கொண்டு போன வரைபடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். என்சிக் என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் அதிகாரி ரஸாலி நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தமாட்டார். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் கைப்பேசியை எடுத்து அதே படத்தைத்தான் காட்டுவார். எந்த ஊரிலோ எடுத்தது. நிறம் மாறும் நான்கு வளைவுகள், நடுவில் ஒரு சிவப்பு இதயம், இரண்டு பக்கமும் மின்னும் பிளாஸ்டிக் பூமரங்கள்.

"இப்படி வைத்தால் மக்கள் வந்து படம் எடுப்பார்கள், புவான். இடத்துக்கு உயிர் வந்துவிடும்" என்றார் மலாயில். பெண்களை அவர் மரியாதையாகப் புவான் என்றுதான் அழைப்பார்.

"அந்த இடத்தில் ஆள் நடப்பதே இல்லையே, என்சிக். முதலில் நடக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதற்கு 'மாட்டேன்' என்றுதான் அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கோலாலம்பூரில் பதினெட்டு வருடம் ஹோட்டல்களுக்கும் பேரங்காடிகளுக்கும் வெளிச்சம் அமைத்தவள் அவள். இதே சிரிப்பைப் பல முதலாளிகளிடம் பார்த்திருக்கிறாள். கொரோனா காலத்தில் அந்த நிறுவனம் மூடிவிட்டது. நியாலாஸில் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்து, மலாக்காவில் ஒரு சின்ன மின் குத்தகையாளரிடம் சேர்ந்தாள். நாற்பத்தேழு வயதில் மறுபடியும் கீழ்ப்படியிலிருந்து தொடங்குவது அவளுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அவள் கையில் இருந்த வேலை, பழைய பாசாருக்கு, அதாவது கைவிட்ட ஒரு சந்தைக்கு, விளக்குப் போடுவது. டுரியான் துங்காலுக்குப் போகிற சாலையில் ஒரு சிறு பட்டணத்தில் இருந்தது அது. ஏழு வருடத்துக்கு முன்னால் புதிய சந்தைக் கட்டடம் திறந்ததும் பழையதின் கூரையை மட்டும் பிரித்துக்கொண்டு போனார்கள். தூண்களையும் மீன் வெட்டுகிற சிமெண்டு மேடைகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், மறுபக்கம் நான்கு அடுக்குமாடி பிளாட்டுக் கட்டடங்கள். சுற்று வட்டாரத்துத் தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றபோது லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டு வந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பழைய பாசாருக்குள் நடந்தால் மூன்று நிமிடத்தில் வீடு. இருட்டிய பிறகு யாரும் அப்படிப் போவதில்லை. லோரிகள் ஓடும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போன வருடம் அந்தச் சாலையில் போன வேலாயி என்ற பெண்மணியை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துக் கால் முறிந்தது. பத்திரிகையில் செய்தி வந்தது. அதன் பிறகுதான் இந்தத் திட்டம்.

இத்தனைக்கும் அங்கே வெளிச்சம் இல்லாமல் இல்லை. நடுவில் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் நான்கு பெரிய வெள்ளை விளக்குகள். கால்பந்துத் திடலுக்குப் போதுமான வெளிச்சம்.

மறுநாள் மாலை ஏழரைக்கு ஷாந்தினி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். கம்பெனி பஸ் வந்து பத்துப் பதினைந்து பெண்களை இறக்கிவிட்டது. ஒருவர் தவறாமல் எல்லாரும் பெரிய சாலைப் பக்கம் திரும்பினார்கள். கடைசியாக, கைத்தடியோடு ஓர் அம்மாள். அறுபதை நெருங்கிய வயது, மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளியின் நீலச் சீருடை. கேட்காமலேயே ஷாந்தினிக்குத் தெரிந்துவிட்டது.

"வேலாயிக்காதானே? இந்தப் பக்கமா போவலையாக்கா? கிட்டக்கதானே."

"நீங்க யாரு?"

"லைட்டு போட வந்திருக்கேன்."

வேலாயி அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். "இன்னும் லைட்டா? ஐயோ, வேணாம்லா தங்கச்சி. இருக்கறதே தாங்கல."

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"வா, நடந்து பாரு. அப்பத் தெரியும்."

இருவரும் சேர்ந்து உள்ளே நடந்தார்கள். ஷாந்தினி பையிலிருந்து வெளிச்சத்தை அளக்கும் கருவியை எடுத்துப் பார்த்தாள். தேவைக்கு மேலேயே இருப்பதாக அது காட்டியது. ஆனால் முப்பது அடி போவதற்குள் கண் கூசியது. வெள்ளை ஒளி நேராக முகத்தில் விழுந்தது. தூண்களின் நிழல்கள் தார் ஊற்றியது போல் தரையில் கிடந்தன. அந்த நிழல்களுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.

வேலாயி பாதி வழியில் நின்றுவிட்டார். "பாத்தியா? டார்ச்ச எடுத்து மூஞ்சியில அடிச்ச மாதிரி. நான் நடந்து போறத பிளாட்டு முழுக்க நல்லாப் பாக்குது. எனக்குத்தான் ஒன்னுந் தெரியல. அதோ அந்தத் தூணு, அதுக்குப் பின்னால ஒருத்தன் நின்னாக்கூட கிட்டப் போனாத்தான் தெரியும். சாமி சத்தியமா சொல்றேன், இருட்டாவே இருந்தாலும் பரவால்ல, கண்ணு பழகிப்போயிரும்."

ஷாந்தினி கருவியைப் பைக்குள் போட்டாள். இரண்டு பேரும் வந்த வழியே திரும்பி, பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வேலாயியின் தடி தட்டும் சத்தத்துக்குத் தகுந்தபடி ஷாந்தினி மெதுவாக நடந்தாள். லோரிகள் உரசுவதுபோல் கடந்து போயின.

படம் போட்டுக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. என்சிக் ரஸாலியிடம் நான்கு முறை அலைந்து, ஒரே ஒரு மாலைக்கு மட்டும் கம்ப விளக்கை அணைக்க அனுமதி வாங்கினாள். அவளோடு வேலை செய்யும் வயர்மேன் ஹரிதாஸ் வேனில் பழைய விளக்குகளை ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த வேலையையும் முனகிக்கொண்டே சுத்தமாகச் செய்கிறவர் அவர்.

"எல்லாரும் லைட்டு போடறதுக்குக் கூப்பிடுவாங்க. நீங்கதான்க்கா அமத்தறதுக்குக் கூப்பிடறீங்க."

பதினான்கு விளக்குகள். பாதையோரம் இடுப்பளவு உயரத்தில் சில. பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி அவற்றுக்கு மூடி போட்டார்கள். பாசாருக்குள் நின்ற பெரிய அங்சானா மரத்தின் அடியில் இரண்டு, கிளைகளைப் பார்த்தபடி. பிளாட்டுப் பக்கத்து நீளச் சுவரைக் கழுவி விட்டதுபோல் ஒளி பரவ மூன்று. பதினோராவது விளக்கை, வேலாயி காட்டிய அந்தத் தூணுக்குப் பின்னால் வைக்கப் போனபோது, மீன் மேடையின் மேல் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததை ஷாந்தினி பார்த்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல், கயிற்றில் காயப்போட்ட ஒரு துண்டு. ஒரு கணம் நின்றாள். பிறகு விளக்கை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

ஏழு நாற்பதுக்குக் கம்ப விளக்கு அணைந்தது. பிளாட்டுகளிலிருந்து கூச்சல் எழுந்தது. "ஓய், என்னா, பிளாக்-அவுட்டா?" யாரோ மலாயில் திட்டினார்கள். ஹரிதாஸ் ஒவ்வொரு விளக்காகப் போட்டார். முதலில் சுவர் தெரிந்தது. பிறகு மரம். கண் பழகப் பழக, தூண்கள் ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நின்றன. மஞ்சள் சாயலான, கண்ணை உறுத்தாத வெளிச்சம். பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தால், எதிர்முனையில் வருகிற ஆளின் முகம் தெரிந்தது.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் கொஞ்ச நேரம் கூட்டமாக நின்றார்கள். வேலாயிதான் முதலில் நடந்தார். தூணருகே வந்ததும் எட்டிப் பார்த்தார். "யாரோ படுக்கிறாங்க போல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மற்றவர்களும் பேசிக்கொண்டே பின்னால் போனார்கள். ஷாந்தினிக்கு அழுகை வரும்போல் இருந்தது. வரவில்லை. ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஒரு மனிதர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கையில் பிளாஸ்டிக் பை. நிறுத்தத்தில் நின்று இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"முடிஞ்சிருச்சாம்மா? நான் படுக்கலாமா?"

"நீங்கதானா அங்க தங்குறீங்க, அண்ணே?"

"ஆமா. தங்கையா எம்பேரு. பகல்ல காரு காடி கழுவுற கடையில வேலை. முன்ன இங்கதான் ஒரு சீன முதலாளி, தவுக்கேகிட்ட மீனு வெட்டிக்கிட்டு இருந்தேன். இதே மேடைதான்."

"இங்க லைட்டு நெரந்தரமா வரப்போவுது, அண்ணே."

"வரட்டும். பொம்பளைங்க நடக்கணும்ல. வேண்டியதுதான்."

"நீங்க எங்க போவீங்க?"

"எனக்கென்னா, எங்கயாச்சும்" என்று சொல்லிக்கொண்டே அவர் பாயை விரித்தார்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காலை ஐந்தரைக்கு எழுந்தவள், இன்னும் நியாலாஸ் வரைக்கும் காரோட்ட வேண்டும், மறுநாள் மறுபடியும் கூட்டம். அந்தச் சமயத்தில் அவளிடம் இன்னொரு கேள்விக்குத் தெம்பு இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது அந்தப் பாய் இரண்டு மூன்று முறை நினைவுக்கு வந்தது. செம்பனைக் காடு இருபுறமும் ஓடியது. வீடு வந்துவிட்டது.

நான்காவது கூட்டத்தில் என்சிக் ரஸாலி அவளுடைய வரைபடத்துக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. நுழைவாயிலில் நிறம் மாறும் வளைவு ஒன்றாவது வேண்டும். வேண்டாம் என்று வாதாட அவளிடம் பத்துக் காரணங்கள் இருந்தன. "சரி, என்சிக்" என்றாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்ததில், கம்ப விளக்கை நிறுத்திவிட்டுப் புதியவற்றைப் போடும் வேலை ஐந்து வாரம் இழுத்தது. திறப்பு விழா அன்று வளைவு சிவப்பாகவும் நீலமாகவும் மாறிக்கொண்டிருக்க, அதன் அடியில் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஷாந்தினியை யாரும் விழா மேடைக்குக் கூப்பிடவில்லை. வேலாயி மட்டும் ஒரு டப்பாவில் வடையோடு அவளைத் தேடி வந்தார். "சாப்பிடு தங்கச்சி. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க."

விளக்குகள் அவள் நினைத்ததைச் செய்தன. பெண்கள் நேர்வழியில் நடந்தார்கள். இரண்டாவது வாரத்தில் பிளாட்டுப் பிள்ளைகள் இரண்டு தூண்களுக்கிடையே வலை கட்டிப் பேட்மிண்டன் ஆடினார்கள். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சுடுகிற ஒருவர் மரத்தடியில் ஒட்டுக்கடை போட்டார். இதையெல்லாம் ஹரிதாஸ் தொலைபேசியில்தான் சொன்னார். ஷாந்தினி அதற்குள் வேறொரு வேலைக்காக, ஜாசினில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஹரிதாஸ் மறுபடியும் கூப்பிட்டார்.

"அக்கா, பதினோரு நம்பர் லைட்ட யாரோ மூடி வைக்கிறாங்க. கோதும மாவுச் சாக்கு. நான் போயி எடுத்தா மறுவாரம் திரும்பவும் கெடக்கு. மூனு தடவ ஆயிருச்சு. என்சிக் கேமரா வைக்கணும்கறாரு."

"தங்கையாண்ணன் வேலையா?"

"அவரு இப்ப அங்க எங்க இருக்காரு? உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. ஹரிதாஸ்தான் சொன்னார். விளக்கு வந்த முதல் வாரத்திலேயே, மேடையில் படுத்திருந்த தங்கையாவை யாரோ படம் எடுத்து பிளாட்டு வாட்சாப் குழுவில் போட்டிருந்தார்கள். நம் இடத்தில் ஒரு குடிகாரன் என்று கீழே எழுதியிருந்தது. அவர் குடிக்கிற ஆள் இல்லை. மூன்றாம் நாள் நகராண்மைக் கழக அமலாக்க அதிகாரிகள் வந்து அவரை எழுப்பிவிட்டு, பாயை லோரியில் போட்டுக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

ஷாந்தினி அன்று மாலை ஆறரைக்கே போய் அங்சானா மரத்தடியில் உட்கார்ந்தாள். விளக்குகள் எரியத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. விடுப்பு நாள்போல, சீருடை இல்லாமல் வேலாயி தூணுக்குப் பின்னால் போனார். கக்கத்திலிருந்து சாக்கை எடுத்து, தடியின் முனையால் தூக்கி விளக்கின் மேல் போட்டார். இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது முறை நின்றது.

"அக்கா."

வேலாயி திரும்பிப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"நீதான் லைட்டு போட்ட. உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்புத்தான்."

"ஏன்க்கா? நீங்கதானே இந்த எடத்துக்குப் பயந்தீங்க."

"பயந்தேன். யாரு இருக்கான்னு தெரியாம பயந்தேன். லைட்டு வந்தப்புறம் ஒருநாளு இப்படி நடந்து போறேன், ஆளு எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு கண்ணக் கசக்கறாரு. பாத்தா நம்ம தங்கையாண்ணன். நான் எத்தன வருசம் அவருகிட்ட மீனு வாங்கிருக்கேன் தெரியுமா? பேரம் பேசுனாக்கூட மொகஞ்சுளிக்கமாட்டாரு. 'லைட்டு கண்ணுல அடிக்குது வேலாயி, தூக்கம் வரல'ன்னு சொன்னாரு. சாக்கு ஒன்னு கொண்டாந்து போடறேன்னு சொன்னேன். மறுநாளே கொண்டாந்தேன். அதுக்குள்ள அவர எழுப்பி விட்டுட்டாங்க. என்னைக்காச்சும் திரும்பி வந்தா படுக்கட்டும்னுதான் போடறேன்." வேலாயி மேடையில் உட்கார்ந்தார். "என்னாலதான் இங்க லைட்டு வந்துச்சு. அந்தத் தூணக் காட்டுனது நானு."

"நான்தான்க்கா போட்டேன். பாய நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போட்டேன்."

ஷாந்தினியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினான்கு விளக்குகளும் எரியத் தொடங்கின. மாவுச் சாக்கின் இழைகளுக்குள் பதினோராவது மங்கலாகத் தெரிந்தது.

ஷாந்தினி மறுநாள் என்சிக் ரஸாலியைப் போய்ப் பார்த்தாள். பதினோராவது விளக்கைத் தாழ்த்தி, ஒரு மறைப்பு வைத்தால், ஒளி பாதையில் மட்டும் விழும், மேடையில் விழாது என்று படம் போட்டு விளக்கினாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வேலை ஒப்படைத்தாகிவிட்டது, புவான். நான் ஒரு விளக்கைக் குறைக்கச் சொல்லி, நாளைக்கு அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால், யார் பதில் சொல்வது?"

அவள் படத்தைச் சுருட்டினாள். அவர் சொன்னதும் நியாயம்தான். எழுந்து வாசல்வரை வந்தபோது, பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "நீங்கள் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம்." முகத்தைக் கணினியிலிருந்து திருப்பாமலேயே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் ஹரிதாஸும் போனார்கள். அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, விளக்கின் ஒரு பக்கத்தில் திருகினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹரிதாஸ் வழக்கம்போல் முனகினார், ஆனால் சம்பளமில்லாத வேலை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டியதும் பார்த்தார்கள். பாதையில் வருகிற முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. தூணருகே ஆள் இருந்தால் இருப்பது தெரியும். மேடைக்கு மேல் மட்டும், படுத்தவர் கண்ணில் படாத அளவுக்கு நிழல். இத்தனை வருடத்தில் அவள் செய்த மிகச் சின்ன வேலை அதுவாகத்தான் இருக்கும்.

தங்கையா வரவில்லை. மேடையில் வேறு யார் யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வேலாயிதான் விசாரித்துக் கண்டுபிடித்தார். உம்பாய் என்ற கடலோர ஊரில் ஒரு சீனரின் கடல் உணவுக் கடையில் மீன் வெட்டுகிறாராம். இருவரும் ஒரு சனிக்கிழமை பகலில் ஷாந்தினியின் காரில் போனார்கள். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கடையின் பின்கட்டில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தங்கையா மேடையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் வேலாயி தடியை ஊன்றி விரைந்து போனார். அவரோ, "பசியாறிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

ஷாந்தினி விளக்கை மாற்றியதைச் சொன்னாள். "இப்ப கண்ணுல அடிக்காது, அண்ணே. அதிகாரிங்க மறுபடி வந்தாலும் நான் பேசிப் பாக்கறேன். நீங்க வரலாம்."

"வந்தேனே. போன வாரம் வந்து பாத்தேன். நல்லாத்தான் இருக்கு." அவர் குழாயை நிறுத்தினார். "ஆனா பிள்ளைங்க ஆடுதுங்க, ரொட்டிக் கடையில ஒரே பேச்சு. ஆளு நடமாட்டம் வந்துருச்சும்மா. இனிமே அங்க எங்க தூங்கறது? இங்க ஸ்டோருல ஒரு கட்டிலு குடுத்திருக்காரு தவுக்கே. கொசுதான்."

"எங்க மேல கோவமா, அண்ணே?"

அவர் யோசித்தார். இல்லை என்று சட்டென்று சொல்லவில்லை என்பது ஷாந்தினிக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"பாய எடுத்துக்கிட்டுப் போனானுங்க பாரு, அது புதுசு. அதுக்கு இன்னும் கோவந்தான்." வேலாயியைப் பார்த்தார். "நீ இப்ப அந்தப் பக்கமாத்தான் வர்றியா?"

"அந்தப் பக்கந்தான். தெனமும்."

"ம்" என்றார். கத்தியைக் கையில் எடுத்தார்.

பின்கட்டில் வெளிச்சம் போதவில்லை. கூரைக்குக் கீழே ஒரு பழைய குழல் விளக்கு எரிவதும் அணைவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. தங்கையா கத்தியைத் துடைத்து மாட்டிவிட்டு அதைக் காட்டினார்.

"நீங்க லைட்டுக்காரம்மாதானே. ஒரு வாரமா இப்படித்தான் விட்டு விட்டு எரியுது. வெரல வெட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்."

அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. விடியற்காலையிலிருந்து ஜாசினில் நின்ற கால்கள். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் இழுத்துப் போட்ட நாற்காலியின் மேல் ஏறினாள். தங்கையா நாற்காலியின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தும்மா. தரையெல்லாம் ஈரம்."

"ஸ்டார்ட்டர் போயிருச்சு, அண்ணே. பக்கத்துல கடை இருக்கா?"

"முச்சந்தியில ஒன்னு இருக்கு."

"நான் போயி வாங்கியாறேன்" என்று வேலாயி தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.